நாலு எண்ணி இழுங்க

மெஷின் நூற்று எழுபத்தெட்டு காட்டியது.

வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையின் இதயம் நிமிஷத்துக்கு நூற்று அறுபதைத் தாண்டக் கூடாது. இது ஓடிக்கொண்டிருந்தது. வயிற்றில் கட்டிய பெல்ட்டிலிருந்து அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. காகிதத்தில் விழும் கோடு மேலேயே நின்றது.

"இருபது நிமிஷம் பாருங்க காமேஸ்வரி. இறங்கலன்னா ஆபரேஷன்தான்" என்றார் டாக்டரம்மா என்னிடம்.

ஆபரேஷனுக்கு மயக்க டாக்டர் வேண்டும். அவருடைய கார் பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் சிக்கி, செங்கம் ரோட்டில் நின்றுகொண்டிருந்தது. அவர் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. ஆக, இந்த எண் மூச்சுப் பயிற்சியிலேயே இறங்கியாக வேண்டும்.

பெண்ணின் பெயர் அதீபா. இருபத்து நாலு வயது, தலைப்பிரசவம், முப்பத்தெட்டாவது வாரம். வயிற்றில் படபடவென்று இருக்கிறது, உடனே போகலாம் என்று மாமியாரைக் கிளப்பிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கியவள்.

மாமியார் ரஹமத்துன்னிசாவுக்குப் போன் வந்தது இங்கே வந்த பிறகுதான். அவருடைய ஒரே மகன் ஷோயப், கீழ்பென்னாத்தூருக்கு வேன் ஓட்டிக்கொண்டு போனவன், லாரி மோதி அந்த இடத்திலேயே போய்விட்டான்.

பெற்றவள் அழவில்லை. வராந்தா குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"கொழந்த பொறக்கற வரைக்கும் அவளுக்குச் சொல்ல வேணாம் சிஸ்டர்."

இந்த வேலைக்கு வந்து எனக்குப் பதினாலு வருஷம். ஊசி போடுவதைவிடப் பொய் சொல்வதில் நான் கெட்டிக்காரி. உன் வீட்டுக்காரர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டாராம், வந்துவிடுவாராம் என்று அதீபாவிடம் சொன்னேன்.

அவள் தலையாட்டினாள். எங்கே, எப்போது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

இடது பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தேன். பூவை முகர்ந்து பார்க்கிற மாதிரி நாலு எண்ணி இழுக்க வேண்டும். சூடான டீயை ஊதுகிற மாதிரி ஆறு எண்ணி விட வேண்டும். நீ அமைதியானால் அதுவும் அமைதியாகும் என்றேன்.

இது மட்டும் பொய் இல்லை. எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். நான் எண்ணினேன்.

நூற்று எழுபத்திரண்டு.

முதல் பிரசவத்துக்கு வருகிறவர்கள் மூச்சை நடுவில் தொலைத்துவிடுவார்கள், சிரிப்பார்கள், அழுவார்கள், தண்ணீர் கேட்பார்கள். இவள் எதுவும் செய்யவில்லை. சொன்னதை அப்படியே செய்தாள்.

நூற்று அறுபது. நூற்று ஐம்பத்து மூன்று.

வெளியே காலையிலிருந்தே மைக் அலறிக்கொண்டிருந்தது. சேலத்திலிருந்து கிரிவலம் வந்த கண்ணாயிரம் எங்கிருந்தாலும் போலீஸ் பூத்துக்கு வரவும். பௌர்ணமியன்று எங்கள் காது அதையெல்லாம் வாங்குவதே இல்லை.

நூற்று நாற்பத்தாறு. கோடு கீழே வந்து உட்கார்ந்தது. எனக்கு என்மேலேயே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அப்போது வேறொரு மைக் இருமியது.

அது பின் தெருப் பள்ளிவாசல். தொழுகை நேரம் இல்லை. நேரம் தப்பி அந்த மைக் பேசினால் என்ன சேதி என்று இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். யாரோ இறந்துபோயிருக்கிறார்கள்.

ஷோயப்பின் அப்பா எப்போதும் செய்கிற முறையைச் செய்திருக்கிறார். ஜமாஅத்துக்குத் தகவல் சொல்லிவிட்டார். மருமகளிடம் மறைக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொன்னவர்கள், ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு நேரே பள்ளிவாசல் இருப்பதை மறந்துவிட்டார்கள். நானும்தான் மறந்தேன்.

ஜன்னலை மூட மூன்று எட்டு வைக்க வேண்டும். என் மணிக்கட்டு அவள் கையில் இருந்தது. இழுத்துப் பார்த்தேன், அவள் விடவில்லை.

"சர்தார் பாய் அவர்களின் மகன் ஷோயப் மௌத்தாகிவிட்டார். அடக்கம் செய்யும் நேரம் பின்னர் அறிவிக்கப்படும்."

இரண்டு முறை சொன்னார்கள். தெளிவாக, நிதானமாக.

கதவுக்கு வெளியே ரஹமத்துன்னிசாவின் குரல் ஒரு தடவை உடைந்தது. உடனே வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டிருக்க வேண்டும், அடங்கிவிட்டது.

நான் அதீபாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பயம். காகிதத்தைத்தான் பார்த்தேன். இப்போது கோடு எகிறும், டாக்டரம்மாவைக் கத்திக் கூப்பிட வேண்டும், மயக்க டாக்டர் இன்னும் வரவில்லை.

நூற்று நாற்பத்தாறு.

நூற்று நாற்பத்தேழு.

நூற்று நாற்பத்தாறு.

கோடு அசையவே இல்லை. நின்றுபோனது என் எண்ணிக்கைதான். மூன்றில் நிறுத்தியிருந்தேன்.

"நாலு" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். பிறகு ஆறு எண்ணும் நேரத்துக்கு, கொஞ்சங்கூட அவசரமில்லாமல், மூச்சை விட்டாள்.

மூடிய இமையின் ஓரத்திலிருந்து கண்ணீர் இறங்கித் தலையணை ஏற்கெனவே நனைந்திருந்தது. வெகு நேரமாகவே நனைந்திருக்கிறது. நான் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"காலைல அவருக்குப் போன் போட்டேன் சிஸ்டர். போலீஸ்காரர் எடுத்தாரு. மாமி தாங்க மாட்டாங்கன்னு நான் சொல்லல."

என் கையை எடுத்து, பெல்ட்டுக்குப் பக்கத்தில் தன் வயிற்றின் மேல் வைத்தாள்.

"எண்ணுங்க. இதுக்கு மட்டுந்தான் இன்னும் தெரியாது. பொறக்கற வரைக்கும் சொல்ல வேணாம்."