ஆணியில் ஒரு சட்டை

கிளிஃபர்ட் மாமா நீலக் கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றதும் ஹாலில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

ஒடிசலான மனிதர். சட்டை முழங்காலைத் தொட்டது.

"ஏம்மா நிக்கோல், யார் அளவுக்கு வாங்கின இத? எனக்கு கவுன் மாதிரி தொங்குது!"

"சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மாமா," என்று நிக்கோல் குழந்தையை அவர் கையில் கொடுத்தாள்.

ஞானஸ்நான விருந்துக்கு வந்தவர்களுக்கு அந்த வீட்டில் ஒரே சட்டம். சிகரெட் பிடிப்பவர்கள் கேட்டுக்கு வெளியே போக வேண்டும். திரும்பி வந்தால் சோப்புப் போட்டு முகம், கை கழுவி, போட்டிருப்பதைக் கழற்றிவிட்டு, வாசல் ஆணியில் தொங்கும் சட்டையை மாட்டிக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் பாப்பா.

பாப்பா மாதம் நிறையாமல் பிறந்தவள். ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் பட்ட பாட்டை ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவள் நிக்கோல். புகை மட்டுமல்ல, துணியில் ஒட்டிவரும் நெடிகூட ஆகாது என்று டாக்டர் கறாராகச் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார். யார் என்ன நினைத்தாலும் சரி, நிக்கோலுக்கு அந்தப் பயம் போகவில்லை.

காவலுக்கு நின்றவன் அவள் கணவன் டெரிக். நிக்கோல் உண்டானது தெரிந்த அன்றே சிகரெட்டைத் தூக்கிப் போட்டவன் என்று சொந்தத்தில் அவனுக்கு நல்ல பெயர். அந்த மிடுக்கோடு வாசலில் நின்று பெரியப்பா, சித்தப்பா என்று பார்க்காமல் எல்லோரையும் வாஷ்பேசினுக்கு விரட்டிக்கொண்டிருந்தான்.

டென்சில் சித்தப்பாவுக்குத் தொப்பையில் பட்டன் எட்டவில்லை. சுனிலுக்குச் சட்டைக் கை நீளம், விரல்கூட வெளியே தெரியவில்லை. போட்டோக்களில் எல்லோரும் அதே நீலக் கட்டத்தில் பாப்பாவை ஏந்திக்கொண்டு நின்றார்கள்.

சாயங்காலம் கூட்டம் கலைந்தது. கிளிஃபர்ட் மாமாவைப் பஸ் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று டெரிக் கிளம்பினான்.

பஸ் ஸ்டாப் தெருமுனையில்தான் இருக்கிறது. ஆனாலும் அவன் வர நேரமாயிற்று.

வாயில் மின்ட் மிட்டாயோடு உள்ளே வந்தவன், "குடு, நான் தூங்க வைக்கிறேன்," என்று இரண்டு கையையும் நீட்டினான்.

நிக்கோல் கொடுக்கவில்லை. சண்டை போடவும் அவளுக்குத் தெம்பில்லை. பாப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலுக்குப் போய், ஆணியில் இருந்த சட்டையை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

டெரிக் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

பிறகு சட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். வாஷ்பேசின் குழாய் வெகுநேரம் ஓடும் சத்தம் கேட்டது.

அவன் திரும்பி வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நிக்கோல் குழந்தையை அவன் கையில் வைத்தாள்.

காலையிலிருந்து யாருக்கும் சேராத சட்டை, அவனுக்குத் தோளிலும் கையிலும் பிசகாமல் உட்கார்ந்திருந்தது.

உட்காராமல் என்ன செய்யும்? கடையில் அவள் அவன் அளவைச் சொல்லித்தானே வாங்கியிருந்தாள்.