தானே இறங்கும் கட்டைகள்

செயின்ட் லூயிஸில் மார்க்கெட் தெரு மதுக்கடைக்குள் பிற்பகல் வெயில் பியானோமேல் சாய்ந்து கிடக்கிறது. அதன் முன்னால் யாரும் இல்லை. ஆனாலும் கட்டைகள் தாமாகவே அமுங்கி எழுகின்றன. லூதர் பிக்கெட் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நிற்கிறான். ஒரு காலத்தில் இந்தத் தெருவில் ராக்டைம் இசை கேட்காத சன்னல் கிடையாது, பியானோ வாசிக்க அவனைக் கூப்பிடாத கடையும் கிடையாது. இப்போது இந்தத் தானியங்கிப் பியானோவில் ஓடுவது, போன வருஷம் அவனே வாசித்துக் காகிதச் சுருளில் துளைகளாய்ப் பதியவிட்ட மெட்டு. சுருளின் வேகத்தைக் கூட்டியிருக்கிறார்கள்; அவன் கைக்கு எட்டாத வேகத்தில் ஓடுகிறது.

"என்னய்யா, பேயைப் பார்த்த மாதிரி நிக்கிறே?" என்று சிரிக்கிறாள் கடைக்காரி ஹாட்டி. "உக்காந்து சும்மா கையை வெச்சுக்கோ. நீதான் வாசிக்கிறேன்னு ஆடுறவங்க நெனைச்சுப்பாங்க."

உட்கார்ந்து கட்டைகள்மேல் கையை வைக்கிறான். கட்டைகள் அவன் விரல்களைக் கீழே இழுத்துக்கொண்டு ஓடுகின்றன. திடீரென்று உள்ளே சுருள் கிழியும் சத்தம் கேட்கிறது. பாதி மெட்டில் கட்டைகள் நின்றுவிடுகின்றன. ஆடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

"நிறுத்தாதே அண்ணே, வாசி!" என்று அவர்களில் ஒருவன் கத்துகிறான்.

அடுத்த சுரம் அவனுக்குத் தெரியும். அவன் போட்ட மெட்டுதானே. ஆனால் பத்து விரல்களும் அசையாமல், கட்டைகள் முதலில் இறங்கட்டும் என்று காத்திருக்கின்றன.