உலுக்கு மேடை

தொலைத்தொடர்புச் செயற்கைக்கோளைச் சுமந்த மேடை குலுங்கத் தொடங்கியதும் கட்டடமே அதிர்ந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றவர்களின் பற்கள்கூடக் கிடுகிடுத்தன. ராக்கெட் மேலே போகும்போது அடிக்கப்போகிற அடியைத் தரையிலேயே அடித்துப் பார்த்துவிடுவது வழக்கம். அடிக்கிறவன் சகாயராஜ். அடிவாங்குகிற ஆன்டெனாவைத் தாங்கும் உலோகக் கையை வருடக்கணக்கில் இழைத்து இழைத்து வடிவமைத்தவள் அவன் மனைவி பெனிட்டா.

"இது முழு அடி இல்லையே," என்றாள் அவள், திரையைப் பார்க்காமல், காலடியில் தரையை உணர்ந்தபடி. "குறைச்சு வச்சிருக்கீங்க."

"போதும் பெனி. தாங்கிடுச்சுன்னு எழுதிடலாம்."

"வீட்டுல மிக்ஸியையே பயந்து பயந்து போடுற ஆளு! முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேல போய் முறிஞ்சா, யாருங்க ஏறிப்போய் ஒட்டவைக்கிறது?"

அவனைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, அடியின் வேகத்தைக் கூட்டும் குமிழை அவளே முழுக்கத் திருகினாள்.

மேடை வெறிபிடித்துச் செயற்கைக்கோளைக் குதறியது. அதைப் போர்த்தியிருந்த தங்கநிறத் தாள் கிழிந்து பறந்தது. ஆன்டெனா கையின் மூட்டில் மயிரிழையாய் ஒரு விரிசல் ஓடியதை இருவருமே பார்த்தார்கள். சகாயராஜ் நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை நோக்கிப் பாய்ந்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பற்றினாள். நகங்கள் இறங்கி ரத்தம் கசிந்தது.

"விடு பெனி, உடைஞ்சிரும்!"

"உடையட்டும்." கண்ணீர் வழிந்த அவள் முகம் கண்ணாடியைவிட்டுத் திரும்பவில்லை. "எவ்வளவு நேரம் தாங்குதுன்னு எண்ணுங்க."

கையை விடுவித்துக்கொள்ளாமலே அவன் எண்ணத் தொடங்கினான்.