நீட்டிய கால்

நேற்றோடு சீசன் முடிந்துவிட்டது. கூடைப்பந்து அணிக்குப் பட்டியலில் கடைசி இடம். உடைமாற்றும் அறையின் ஈரத் தரையில் காலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. அலமாரியைக் காலி செய்ய வந்த கேப்டன், உயரத்தால் எல்லோருக்கும் ஒட்டகம், மேசையில் ஏறி உட்கார்ந்து இடது காலை நீட்டுகிறான். அணியின் இயன்முறை மருத்துவரான பிசியோவும் தன் பாட்டுக்கு டேப்பை எடுத்துக் கணுக்காலில் சுற்றுகிறார். சரக் சரக்கென்று டேப் பிரிகிறது. பாதி சுற்றிய பிறகுதான் கை நிற்கிறது. "அடேய் ஒட்டகம், இன்னைக்கு ஏதுடா மேட்ச்?" இருவரும் சிரிக்கிறார்கள், சிரிப்பு சட்டென்று வற்றிப்போகிறது. அடுத்த சீசனுக்கு இவனை வைத்துக்கொள்வதைப் பற்றி நிர்வாகம் இன்னும் வாயே திறக்கவில்லை. பிசியோ கத்தரியைத் தேடுகிறார். "வெட்டாதீங்கண்ணே. சுத்தி முடிச்சிடுங்க." ஒரு சுருக்கம்கூட விழாமல், அவசரமே இல்லாமல் சுற்றி முடித்து, எப்போதும்போல் குதிகாலில் இரண்டு தட்டுத் தட்டுகிறார். அப்போது வழக்கமாகச் சொல்லும் "ஜெயிச்சுட்டு வா" இன்று இல்லை; மிச்ச டேப்பைப் பெட்டியில் போடுகிறார். கட்டிய கால் செருப்புக்குள் நுழையமாட்டேன் என்கிறது. ஒற்றைச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "போயிட்டு வர்றேண்ணே" என்கிறான் ஒட்டகம். கதவு நிலை இடிக்காமலிருக்கத் தலையைக் குனிகிறான். நிலையைத் தாண்டிய பிறகும் அந்தத் தலை நிமிரவில்லை. "நிமிர்ந்து நடடா" என்கிறார் பிசியோ, காலி மேசையைத் துடைத்தபடி, அவனுக்குக் கேட்காத குரலில்.