கழிப்பு

நான் தின்று வளர்ந்த சோறா என் குழந்தையைக் கொன்றது? போன பிரசவத்திலிருந்து இதையே தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள் எழிலரசி. கஷாயத்தைப் பற்றி அப்படிக் கேட்டுக்கொள்ள அவளுக்குத் துணிவு வந்ததே இல்லை.

வளையல் அடுக்கி முடிந்திருந்தது. ஏழாம் மாதம் வளையல் போட்ட கையோடு கழிப்பு. மரபணு மாற்றிய மஞ்சள் அரிசியைத் தின்று வளர்ந்த பெண்களுக்கு இப்போது எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். கஷாயத்தைக் குடித்தால் நாள் முழுக்க வயிறு போகும். கெட்ட மரபணு வெளியேறுகிறது என்பார்கள். போன முறை வயிற்றோட்டம் நின்றபோது குழந்தையின் அசைவும் நின்றிருந்தது.

"மஞ்ச அரிசி எலும்பு வரைக்கும் எறங்கிருக்குதுங்க. அதான் போன தடவ முழுசாக் கழியல," என்றார் கழிப்பு ஆலோசகர். "இந்தத் தடவ ரெண்டு டம்ளர் குடிக்கோணும்."

"ஹாஸ்டல்ல கண்டதையும் தின்னு வளந்த புள்ளைங்க. எத்தன கழுவுனாலும் பத்தாது," என்றாள் மாமியார் கோமளா. சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். கோமளா டம்ளரை நீட்டினாள். "கண்ண மூடிட்டுக் குடிச்சுரு கண்ணு. புள்ளைக்கோசரம்."

ஹாஸ்டலில் அவளோடு அதே சோற்றைத் தின்ற தோழி நிர்மலா கழிப்புப் பக்கமே போகவில்லை. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகின்றன. அதை இந்தக் கூடத்தில் சொன்னால் யார் கேட்பார்கள்?

உள்ளே குழந்தை உதைத்தது. நீட்டிய டம்ளரின் வாயை எழிலரசி உள்ளங்கையால் மூடினாள்.

"வேண்டாங்க அத்தை. பசிக்குது, சோறு போடுங்க."