பூவாத்தாள் முந்திக்கொண்டாள்

"அண்ணா, இன்னுங் கொஞ்சம் மிதிங்க!"

"மிதிச்சுட்டுத்தான் இருக்கறேன் அம்மிணி. இது காரு, ஏரோப்ளேன் இல்ல."

பாலக்காடு தாண்டி, குதிரான் மலைச் சுரங்கத்துக்குள் சந்துருவின் பழைய கார் அலறிக்கொண்டு போனது. பக்கத்தில் அவன் தங்கை தமிழ்ப்ரியா, முன்னால் போகிற ஒவ்வொரு வெள்ளை ஜீப்பையும் எரித்துவிடுவதுபோல் முறைத்தாள்.

முறைக்கக் காரணம் இருந்தது.

அவள் கணவன் கோபிநாத், பாலக்காட்டில் எலப்புள்ளிப் பக்கம் ஒரு நெல் சங்கத்தில் கிளார்க். பொள்ளாச்சியிலிருந்து லாரி லாரியாகக் கேரள எல்லை தாண்டி வந்த நெல்லை, இந்த ஊர் விவசாயிகள் விளைவித்ததாக எழுதி அரசாங்க விலைக்கு விற்றதாக வழக்கு. மத்திய அரசுப் பணம் என்பதால் சி.பி.ஐ. வந்துவிட்டது. முந்தாநாள் கோபிநாத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எடைச் சீட்டு அத்தனையிலும் அவன் கையெழுத்து.

கையெழுத்துத்தான் அவனுடையது. உத்தரவு சங்கத்து பிரசிடெண்ட் பூவாத்தாளுடையது.

"கோபி, நம்ம லாரி ஒண்ணு வருது, சீட்டுப் போட்டு வெச்சிரு" என்று அறுவடை சமயத்தில் போன் வரும். லாரியை இவன் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான், சீட்டுப் போட்டுவிடுவான். பிரசிடெண்டம்மாவிடம் போய், "எடை போட்டாச்சுங்களா?" என்று கேட்டால் அது மரியாதையா என்று நினைக்கிற ஆள் அவன். அவன் மட்டுமென்ன, அந்த ஊரே அப்படித்தான்.

நாளைக்கு எர்ணாகுளம் கோர்ட்டில் ஜாமீன் மனு போட்டாக வேண்டும். இந்த மாதிரி மோசடி வழக்குக்கெல்லாம் ஷீனா வக்கீல்தான் என்று பத்துப் பேராவது சொல்லிவிட்டார்கள். மூணாறு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர், தமிழிலேயே பேசலாம். ஒரே ஒரு சிக்கல், ஒரு வழக்கில் ஒரு ஆளுக்குத்தான் அவர் ஆஜராவார்.

பூவாத்தாளின் வெள்ளை ஜீப் காலையில் அஞ்சு மணிக்கே எர்ணாகுளம் கிளம்பிவிட்டது என்று கேள்விப்பட்டதும் தமிழ்ப்ரியா அண்ணனைக் கூப்பிட்டாள். கட்டின சேலையோடு காரில் ஏறிவிட்டாள்.

"முந்திக்குவாளாண்ணா?"

"அந்தம்மாவுக்கென்ன, தோட்டம் தொரவுன்னு கெடக்குது. கேட்டதக் குடுத்தா எந்த வக்கீலு வேண்டாங்கப் போவுது?"

"வருசம் தவறாம தீவாளிக்குச் சேல எடுத்துக் குடுத்தாளே, இதுக்குத்தானா? என்ற ஊட்டுக்காரர உள்ள தள்ளிப்போட்டு இவ வெளிய நடமாடுவாளா? நல்லா இருப்பாளா இவ?"

சந்துரு இன்னும் மிதித்தான்.

எர்ணாகுளத்தில் லிஃப்டுக்குக் காத்திருக்கக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை. மூன்று மாடியும் படியேறி, மூச்சு வாங்க வக்கீல் ஆபீசுக்குள் நுழைந்தாள். குமாஸ்தா ஜினோ நிமிர்ந்து பார்த்தான்.

"எலப்புள்ளிங்க. நெல்லு கேசுங்க."

"நெல் கேஸா? அது மேடம் எடுத்தாச்சல்லோ!" என்றான் ஜினோ, தனக்குத் தெரிந்த தமிழில். "காலைல ஒரு பூவாத்தாள் வந்து பீஸும் கட்டிட்டுப் போயி."

போயிற்று. எல்லாம் போயிற்று. தமிழ்ப்ரியாவுக்கு அழுகை வந்திருக்க வேண்டும், வந்ததோ ஆத்திரம். ஜினோ தடுப்பதற்குள் உள்ளறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் நின்றாள்.

"ஏனுங், நீங்கதான் ஷீனா வக்கீலுங்களா?"

"ஆமா. நீங்க யாரும்மா?"

"உள்ள கெடக்கற கோபிநாத்தோட சம்சாரமுங்க. இது நாயமுங்களா? சீட்டுப் போடச் சொன்னவ அவ. போட்டவரு ஒரு அப்பாவி. அவ காரியத்துல கண்ணா, மொத ஆளா வந்து நின்னா, நீங்களும் எடுத்துக்குவீங்களா? எங்களுக்கு இனி யாருங்க இருக்கறா?"

சந்துரு தோளைப் பிடித்து இழுத்தும் அவள் விடவில்லை. பாலக்காட்டிலிருந்து சேர்த்து வைத்துக்கொண்டு வந்ததையெல்லாம் பொரிந்து தள்ளினாள்.

அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும், ஷீனா தண்ணீர் பாட்டிலையும் ஒரு தாளையும் நகர்த்தி வைத்தார்.

"வக்காலத்து. காலைல அந்தம்மா இருக்கும்போதே எழுதுனது. வாசிங்க."

தமிழ்ப்ரியா அதைத் தொடவில்லை. சந்துருதான் எடுத்துப் பார்த்தான். பார்த்தவன் இன்னொரு தடவை பார்த்தான்.

"அம்மிணி, இதுல மாப்பிள்ள பேரு போட்டிருக்குது."

"அவருக்காகத்தான் என்னைய வச்சிட்டுப் போயிருக்காங்க" என்றார் ஷீனா. "இன்னைக்கே ஜெயிலுக்குப் போயி அவருகிட்ட கையெழுத்து வாங்கணும். நானே உங்களுக்குப் போன் போடலாம்னு இருந்தேன். உங்க மொகத்துல முழிக்க வெக்கமா இருக்குன்னு அந்தம்மா சொன்னாங்க."

தமிழ்ப்ரியா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அண்ணன் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப... அவியளுக்கு யாருங்க வக்கீலு?"

"யாருமில்ல. நானும் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன், கேக்கல. இங்கேருந்து நேரா சி.பி.ஐ. ஆபீசுக்குத்தான் போயிருக்காங்க. 'என்ற பொள்ளாச்சி சம்பந்தி லாரில வர்ற நெல்லுன்னு தெரிஞ்சே சீட்டுப் போடச் சொன்னது நானுங்க. உள்ளதச் சொல்லப் போறவளுக்கு எதுக்குங்க வக்கீலு'ன்னு கேட்டுட்டு எந்திரிச்சுட்டாங்க."