மொட்டை அடிக்கிறவன்

“அஞ்சு ரூவா, ஐயா. ஒரு சதம் கொறைய மாட்டேன்.”

கொட்டாஞ்சேனை நாடகக் கொட்டகை வாசலில் பாயிஸ் ஒற்றை நாடக ரிக்கற்றை ஆட்டிக் காட்டினான். கூடின விலைக்கு ரிக்கற் விற்பதுதான் அவன் பிழைப்பு.

“ஒரு ரூபா ரிக்கற்றுக்கு அஞ்சு ரூபாவோ!” நாகேந்திரம் குடையால் தரையில் குத்தினார். சுங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அயல்வீட்டார் மாம்பழம் தந்தாலும் காசைக் கொடுத்துவிட்டுத்தான் கடிப்பார். “உங்களுக்கு இங்கிலிசில என்ன பேர் தெரியுமோ? தலைத்தோல் உரிக்கிறவன்! அமெரிக்காவில முந்திச் சண்டையில, எதிரியின்ர தலைத்தோலை மயிரோட உரிச்சு எடுப்பினமாம். அதிலயிருந்து வந்த பேர்.”

“நாங்க மொட்டை அடிக்கிற எண்டு செல்ற.” பாயிஸ் அவருடைய வழுக்கையைப் பார்த்தான். “ஐயாக்கிட்ட ரெண்டுக்கும் வழியில்லயே.”

உள்ளே முதல் மணி அடித்தது. உலக யுத்தம் முடிந்தபின் வந்த இந்திய நாடகக் கோஷ்டி அது. இந்த மாலைக் காட்சிதான் கடைசி. இரவு மெயில் ரயிலில் தலைமன்னார் போய்க் கப்பலேறுகிறார்கள். அந்தக் கோஷ்டியில் பாடுகிற பத்மாவதி நாகேந்திரத்தின் ஒரே மகள். “காசுக்குப் பாடுறவளுக்கு என்ர வீட்டில இடமில்லை. உன்ர பாட்டுக்கு நான் ஒரு சதம் குடுக்கமாட்டன்” என்று அவர்தான் வாசலைக் காட்டியவர். இன்றைக்கு விட்டால் இனி அவளைக் காண்பது எப்போதோ. நேற்றும் முந்தநாளும் வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நின்றுவிட்டு, ரோசத்தில் வீட்டுக்குத் திரும்பியிருந்தார்.

அந்த நேரம் காரில் வந்த ஒருவர் பாயிஸிடம் பத்து ரூபாய்த் தாளை நீட்டினார்.

“டிக்கட் முடிஞ்சி, மாத்தயா.”

காரும் போய்விட்டது. பத்து ரூபாயை விட்டுவிட்டு என்னிடம் ஐந்துக்கு நிற்கிறானே, விசரனோ என்று நாகேந்திரம் நினைத்தார். யோசிக்க நேரமில்லை. இரண்டாம் மணியும் அடித்தது.

“மூண்டு ரூபா தாறன்.”

“அஞ்சு, ஐயா. பாட்டு தொடங்கப் போகுது.”

ஐந்து ரூபாய்த் தாளைக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினார்.

சனமெல்லாம் கலைந்த பிறகுதான் வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. நேராக வந்து பாயிஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, உன்னை வாயில வந்தபடி ஏசிப்போட்டன். மனசில வைக்காதை. நீ இல்லாட்டி என்ர பிள்ளையின்ர பாட்டைக் கேளாமலே செத்திருப்பன். அஞ்சு ரூபா காணாது. நீ நல்லா இருக்கவேணும்.”

“உள்ள போய் ஒரு வார்த்தை பேசுங்களேன், ஐயா.”

“எந்த முகத்தோட?”

மழை தூறியது. அவர் குடையை விரிக்கவும் இல்லை, போகவும் இல்லை. வாசல் தூணோடு அப்படியே நின்றார்.

பாயிஸ் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினான். பத்மாவதி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டார், தங்கச்சி! மொட்டைத் தலை, குடை, இங்கிலிசில ஏச்சு, எல்லாம் நீங்க சென்ன மாதிரியே. சும்மா குடுத்தா வாங்கமாட்டார் எண்டீங்களே, அதான் நல்லா வெலை ஏத்திக் கேட்டேன்.” அந்த ஐந்து ரூபாய்த் தாளை அவள் கையில் வைத்தான். “நீங்க ஒவ்வொரு நாளும் அவருக்காக வாங்கித் தந்த டிக்கட் இண்டைக்குத்தான் வீண் போகல்ல. வாசல்ல நனைஞ்சிட்டு நிக்கிறார்.”

“ஒரு சதம் குடுக்கமாட்டன் எண்டவர்!” அழுதுகொண்டே சிரித்த பத்மாவதி, அந்தத் தாளைக் கண்களில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டு வாசலுக்கு ஓடினாள்.